அத்தை சொல்ல வந்தபோதெல்லாம்

இந்த வாரம் எனக்கு விடுமுறை. மருந்து ஏற்றுகிற நாள் ஒன்று, மாத்திரை விழுங்குகிற நாட்கள் பதினான்கு, அதன்பின் சில நாள் உடம்பை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். துவாரகாவில் எங்கள் நான்காம் மாடி பால்கனியில் ஜனவரி வெயில் ஒரு சால்வை அகலத்துக்குத்தான் விழுகிறது. நாற்காலியை அதன் பின்னாலேயே நகர்த்தி நகர்த்தி எழுதுகிறேன். கையில் கம்பளி உறை. இந்த மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர் ஆகாது. இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் ஆயிரம் ஊசி. குழாய்த் தண்ணீர் ஒரு மடக்கு குடித்தால் தொண்டைக்குள் கண்ணாடித் தூள். டெல்லியின் குளிர்காலத்தில் இப்படி ஒரு மருந்தை எடுத்துக்கொள்வது, மழையில் நின்றுகொண்டு நனையாமல் இருக்கச் சொல்வது மாதிரி.

ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். என் உடம்பைப் பற்றியதில்லை அது. என் மகள் நிலாவைப் பற்றியது. அவளுக்கு இருபத்தொன்று. எனக்கு வந்தது அவளுக்கும் வரக்கூடுமா என்பதுதான் இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அது எப்படி என் அத்தையின் வீட்டு வாசலில் போய் நின்றது என்பதைச் சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன். இதே வரிசையில் உட்காரப்போகிற யாருக்காவது பயன்படலாம்.

முதலில் களைப்பு வந்தது. ஐம்பத்தொரு வயதில் களைப்பை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. வயது என்கிறார்கள், காற்று என்கிறார்கள். ஒரு நாள் புசா ரோடில், சின்ன வயதில் நான் படித்த தமிழ்ப் பள்ளியின் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு, மெட்ரோ படிக்கட்டில் பாதியில் நின்றேன். மேலே ஏற முடியவில்லை. இறங்கவும் தோன்றவில்லை. ஜனங்கள் ஆற்று நீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போனார்கள்.

ரத்தம் பாதியாகிவிட்டிருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது, எங்கே என்று பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பார்கள்; அதற்கு முன்தினம் உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு சிறு கடலைக் குடித்துக் குடலைக் கழுவியாக வேண்டும். குடித்தேன். மறுநாள் அரைத் தூக்கத்தில், திரையில் ஈரமான ஓர் இளஞ்சிவப்புக் குகை. அதன் வலது கோடியில், யாரோ துப்பிவிட்டுப் போனது போல ஒரு கட்டி. நான் பார்த்தேன். என்னைத்தான் பார்க்கிறேன் என்பது உறைக்க நேரமாயிற்று.

காத்திருக்கும் அறைகளைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். அங்கே எல்லோரும் அவரவர் மருத்துவக் கோப்பை அவரவர் மடியில் வைத்திருக்கிறார்கள், பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும். காப்பீட்டுக்காரர்களின் சம்மதம் மாலைக்குள் வரும் என்றார்கள். மறுநாள் மாலைக்குள் என்றார்கள். என் மனைவி மல்லிகா ஏழாம் கவுண்டருக்கும் பன்னிரண்டாம் கவுண்டருக்கும் நடுவே நடந்த தூரத்துக்கு ஆக்ராவே போயிருக்கலாம்.

பெருங்குடலின் வலப் பாதியை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மிச்சத்தோடு தைத்தார்கள். அதற்குப் பிறகு மருத்துவம் முழுவதும் ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருந்தது: காற்று பிரிந்ததா? பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரை வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் நர்ஸம்மா வார்டு வாசலிலிருந்தே கேட்பார்: “அங்கிள்ஜி, கேஸ் பாஸ் ஹுவா?” நான்கு கட்டில்காரர்களும் என்னைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அது நடந்தது. மல்லிகா சரோஜா அத்தைக்குப் போன் செய்து, பேரன் பிறந்த குரலில் சொன்னாள். மறுமுனையில் அத்தையின் திருநெல்வேலிக் குரல் எனக்கே கேட்டது: “நல்ல வேளை தாயி. இம்புட்டு நாளும் வாயாலதான் விட்டுக்கிட்டு இருந்தான்.”

தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சரோஜா அத்தை என் அப்பாவின் தங்கை. எண்பத்திரண்டு வயது. மயூர் விஹாரில், மாமா வாங்கிய கூட்டுறவுக் குடியிருப்பு வீட்டில் தனியாக இருக்கிறாள். மகள் ஹேமா கணவரோடு நொய்டாவில். அப்பா தலைமுறையில் மிஞ்சியிருப்பது அத்தை ஒருத்திதான். அவர்களுடைய அக்கா ராஜம் அத்தை ஊருக்குத் திரும்பியபின் நாற்பத்தாறு வயதில் இறந்துவிட்டாள். அப்பா பணி ஓய்வு பெற்ற மறு வருடம் போனார். வீட்டில் சொல்லப்பட்ட காரணம் அல்சர்.

வெட்டி எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாள் எங்களை இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறைக்கு அனுப்பியது. அங்கே ரித்திகா என்ற பெண். பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்குவது அவள் வேலை; என் மகளைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கலாம். பாதி இந்தி, பாதி ஆங்கிலம். அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

இந்த ஊரில் ரஃபூக்காரர்கள் உண்டு. பூச்சி அரித்த கம்பளிச் சால்வையை நூல் நூலாக இழுத்து, ஓட்டை இருந்த இடம் தெரியாமல் நெய்துவிடுவார்கள். நம் உடம்பின் செல்களுக்குள்ளும் அப்படிச் சிலர். செல் இரண்டாகப் பிரியும்போது நேர்கிற சிறு கிழிசல்களை அவ்வப்போது நெய்துவிடுவது அவர்கள் வேலை. என் கட்டியில் அந்த ரஃபூக்காரர்களில் இருவரைக் காணவில்லை. அவர்கள் என் கட்டியில் மட்டும் பின்னால் தொலைந்தவர்களா, அல்லது என் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ பிறவியிலேயே பழுதாக வந்தவர்களா என்பதுதான் கேள்வி. பரம்பரை என்றால் நிலாவுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் இப்போதிருந்தே வருடாவருடம் உள்ளே பார்த்து, முளையிலேயே கிள்ளிவிடலாம். தெரியாமல் விட்டால் ஒரு நாள் ஏதோ ஒரு படிக்கட்டில் அவளும் நிற்பாள்.

ரித்திகா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். “குடும்ப மரம் வரையலாம் சார். ஆண் என்றால் சதுரம். பெண் என்றால் வட்டம். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. யார், எத்தனை வயதில், எதனால்?”

எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். இரண்டு வருடம் முன்பு நான் அத்தையை உட்கார வைத்துப் பேட்டி எடுத்திருந்தேன். பதினான்கு மணி நேரப் பதிவு. அதிலிருந்து எங்கள் குடும்பம் ஊரைவிட்டு டெல்லி வந்த கதையை உரைநடைக் கவிதையாக எழுதி, உறவுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிறு புத்தகமாகப் போட்டேன். “என்னிடம் எல்லாம் இருக்கிறது” என்றேன்.

அரை மணி நேரத்தில் தாள் முழுதும் சதுரமும் வட்டமும் கேள்விக்குறியும். அம்மா வழியில் எல்லோரும் தொண்ணூறைத் தொட்டவர்கள், அங்கே ஒன்றுமில்லை. அப்பா வழியில் ராஜம் அத்தை எதனால் இறந்தாள்? தெரியவில்லை. ரயிலில் அவள் பாடிக்கொண்டு வந்தது தெரியும். அப்பாவுக்கு அல்சர்தானா? யாரும் சோதித்துப் பார்த்தார்களா? தெரியவில்லை. அவருடைய ஹோல்டால் படுக்கைச் சுருளில் என்ன வாசனை வரும் என்று தெரியும்.

“உங்கள் பக்கம் சொந்தத்தில் திருமணம் செய்வீர்களாமே?” என்று கேட்டாள் ரித்திகா. “அப்படியென்றால் இருவர் நடுவே இரட்டைக் கோடு போட வேண்டும்.”

“எனக்கு நடந்திருக்க வேண்டியது. அத்தை மகள். நடக்கவில்லை” என்றேன். பக்கத்தில் மல்லிகா பையின் ஜிப்பை மூடித் திறந்தாள்.

அந்தக் கதையும் புத்தகத்தில் உண்டு. எனக்கு இருபத்தைந்து வயதில் அப்பா தட்டோடு தங்கை வீட்டுக்குப் போய் ஹேமாவைப் பெண் கேட்டார். முறைப்பெண், கேட்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அத்தை ஜாதகம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினாள். பெண்ணைப் பெரிய இடத்தில் கொடுக்கப் பார்க்கிறாள் என்றார்கள் உறவில். அப்பா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை, பேசாமலே இறந்தார். எனக்கு வருத்தம் இருந்ததா? இருந்தது, ஒரு மழைக்காலம் அளவுக்கு. பிறகு மல்லிகா வந்தாள், வெயில் வந்தது. ஆனால் புத்தகத்தில் அத்தையைப் பற்றி எழுதினேன்: ‘அவள் கழுத்து குனிந்து யாரும் பார்த்ததில்லை.’

என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். பதில் வந்தபோது மருந்தேற்றல் தொடங்கிவிட்டிருந்தது. பதில் ‘ஆம்’ அல்ல. ‘இல்லை’ என்பதும் அல்ல. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலானதா வெறும் மச்சம் போன்றதா என்று இதுவரை யாருக்கும் நிச்சயமில்லை. “உறவில் இந்த வகை நோய் வந்து, இப்போதும் உயிரோடு இருக்கிற மூத்தவர் யாராவது இருந்தால், அவர் ரத்தத்தைப் பார்க்கலாம்” என்றாள் ரித்திகா. “அவரிடமும் இதே மாற்றம் இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். ஒருவர் போதுமென்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது நம்மிடம் ஒருவரும் இல்லை.”

நோய் வந்தவர்கள் எல்லோர் மேலும் சாய்கோடு இருந்தது.

மருந்து ஏறுகிற அறையில் சாய்வு நாற்காலிகள். பையிலிருந்து குழாய் வழியாகச் சொட்டு சொட்டாக இரண்டு மூன்று மணி நேரம். மல்லிகா வடிகட்டிய ரசத்தைப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு, சூடு சரியாக இருக்கிறதா என்று தன் புறங்கையில் விட்டுப் பார்த்துக் கொடுப்பாள். கைக்குழந்தைக்கு அப்படிப் பார்த்தது நினைவிருக்கிறது. நிலா கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, பழைய பதிவுகளை என் போனில் ஓட்டி, காதொலிப்பானில் ஒன்றைத் தன் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் பாதி புரியும், படிக்க வராது. ராஜம் அத்தையின் நோய் பற்றி எங்காவது ஒரு சொல் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாலாவது பதிவின் நடுவில் அவள் நிறுத்தினாள். “அப்பா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இது பாட்டியோட இன்டர்வியூவா, உங்களோடதா? நீங்கதான் ஜாஸ்தி பேசறீங்க.”

“குறுக்குக் கேள்வி கேட்டாதான் அவங்களுக்கு ஞாபகம் வரும்.”

“இல்லப்பா. அவங்க ஏதோ ஸ்டார்ட் பண்றாங்க, நீங்க கட் பண்றீங்க. சுனோ, கேளுங்க.” பின்னால் நகர்த்தி ஓட்டினாள்.

அத்தையின் குரல்: “ராஜம் அக்கா அப்ப ரொம்ப மெலிஞ்சிட்டா. இடுப்புல சேலை நிக்காது. பொறவு ஒரு நா—”

என் குரல், உற்சாகமாக: “அது இருக்கட்டும் அத்தே. ரயில்ல அம்மிக்கல்லக் கொண்டு வந்தீங்கல்லா, அதச் சொல்லுங்க.”

அம்மிக்கல் கதை அழகானது. ஊரிலிருந்து டெல்லிவரை அம்மியைக் கம்பளியில் சுற்றி, குழந்தை தூங்குகிறது என்று சொல்லி ஏமாற்றிக் கொண்டுவந்த கதை. எனக்கு அது வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் பதினான்கு மணி நேரத்தையும் கேட்டேன். ஏழு இடங்கள். “நான் பெரியாஸ்பத்திரில கெடந்த மாசம்—” என்று அத்தை, “அதுக்கு முன்னாடி, குவார்ட்டர்ஸ் மொட்டைமாடில வெயில் காஞ்சது?” என்று நான். “எனக்கு அப்ப நாப்பத்தி நாலு. அந்த டாக்டரம்மா சொன்னா—” என்று அத்தை, “டீ ஆறிடப் போகுது அத்தே” என்று நான். அத்தையின் ஆஸ்பத்திரி எனக்குத் தெரிந்ததுதான். ஏதோ கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெண்கள் சமாசாரம் என்று எங்களை வெளியே விளையாட அனுப்பினார்கள். அந்த விளையாட்டிலிருந்து நான் இன்னும் வீடு திரும்பவில்லை என்று இப்போது தெரிந்தது.

குடலில் வருகிற அதே பழுது பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் வரும் என்று ரித்திகா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இரண்டாம் சுற்று மாத்திரை முடிந்த வாரம் மயூர் விஹார் போனேன். துவாரகாவிலிருந்து நேரே போகிற மெட்ரோ நீலத் தடம்; ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். மல்லிகா என்னைக் குல்லாய், மஃப்ளர், இரட்டை உறை என்று பொட்டலமாகக் கட்டி அனுப்பினாள். அத்தை கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னல இது, கரடி வித்தைக்காரன்ட்ட இருந்து தப்பிச்சு வந்த மாதிரி நிக்க?”

“குளிர் ஆகாது அத்தே.”

“தெரியும், மல்லிகா சொன்னா. உள்ள வா. ஏ, ஷூவக் கழட்டாத. தரை சில்லுன்னு கெடக்கு.”

அத்தை வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைந்ததில்லை. மின்சார வாரியத்து ஆள்கூட வாசலில் கழட்டிவிட்டுத்தான் மீட்டர் பார்ப்பார். அன்று நான் ஷூவோடு அவள் கூடத்தின் நடுவில் நடந்துபோய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அவ்வளவு பெரிய சலுகையாக இருந்ததால் எனக்குப் பயம் வந்தது.

“மிஷினப் போடு” என்றாள். “அம்மிக்கல்லா, மொட்டைமாடியா? எதுல ஆரம்பிக்கட்டும்?”

போனைப் பதிவில் போட்டு நடுவில் வைத்தேன். “ராஜம் அத்தைக்கு என்ன ஆச்சு அத்தே? உங்களுக்கு என்ன ஆச்சு?”

அந்தப் பதிவில் அடுத்து வருவது வீட்டுச் சத்தங்கள்தான். குக்கர் இரண்டு விசில். கீழே வண்டிக்காரன் பச்சைப் பட்டாணி விற்கிறான். ஹீட்டரின் முனகல். எனக்கு எத்தனையோ கேள்விகள் நாக்கு நுனி வரை வந்தன. வாயில் கையுறையை வைத்துக்கொண்டேன்.

“ஹேமாவ உனக்குக் குடுக்கலன்னு கோவம் இருந்துதா?” என்றாள் அத்தை கடைசியில்.

“இல்ல அத்தே.”

“பொய் சொல்லாத. புஸ்தகத்துல போட்டிருக்கியே. கழுத்து குனியாதாம்லா எனக்கு. கர்வக்காரின்னு சொல்லதுக்கு ஒரு கவித.”

அத்தை போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“எனக்கு நாப்பத்தி நாலு. மாசம் பூரா ரத்தம் படுது, நிக்கவே இல்ல. பெரியாஸ்பத்திரில எடுத்தாங்க. கட்டின்னுதான் எல்லாருக்கும் சொன்னது. எடுத்ததுக்குள்ள அதுதான் இருந்துது.”

“எது அத்தே?”

“அதுதான்ல. உனக்கு வந்தது.” பெயரை அவள் சொல்லவில்லை. “ஒரு பெங்காலி டாக்டரம்மா. வீட்ல வேற யாருக்கும் உண்டான்னு கேட்டா. ராஜம் அக்காக்கும் இப்படித்தான் பட்டுப் பட்டுப் போய்ச் சேந்தான்னு சொன்னேன். பொறவு சொன்னா, ‘நீங்க மதராஸிங்க சொந்தத்துலயே கட்டுவீங்களாமே. உன் பொண்ண அப்படிக் குடுத்துராத. ஒரே ரத்தம் ரெண்டு பக்கமும் வேண்டாம்.’ ஏன்னு கேட்டேன். தனக்கும் முழுசாத் தெரியாதுன்னா. தெரியாதுன்னு சொன்ன டாக்டர் அவ ஒருத்திதான், அதான் நம்பினேன்.”

பிறகு ரித்திகாவிடம் இதைச் சொன்னபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பழுதான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குழந்தைக்கு வந்தால், நோய் ஐம்பதில் வருவதில்லை. பால்யத்திலேயே வந்துவிடும் என்றாள்.

“பொறவு அண்ணன் தட்டோட வந்து நிக்காவ” என்றாள் அத்தை. “நான் என்ன செய்ய? ஜோசியர் வீட்டுக்கு ஓடி, பொருந்தலன்னு சொல்லும்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல பொருத்தம்ல அது. அந்த மனுசன் அப்படி முழிச்சாரு.”

“அப்பாகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்ல? அண்ணன்ட்ட போயி கர்ப்பப்பைன்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லுதியா? சொன்னா ஊருக்குத் தெரியும். அந்த வியாதிக்காரி மவள எவன் கட்டுவான்? மாமாவுக்கு மட்டும் தெரியும். அவ்வோளும் போயாச்சு. யார்கிட்டயாவது எறக்கி வைக்கணும்னு இருந்தப்பதான் நீ மிஷினோட வந்த. நான் சொல்ல வந்தப்பல்லாம் நீ அம்மிக்கல்லுக்குப் போயிட்ட.”

வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு குப்பி ரத்தம். நிலாவுக்காக. உங்களிடம் அது இருந்தால் ஹேமாவும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவளுக்குச் சொல்லாமல் முடியாது.

அத்தை எழுந்து ஹீட்டரை என் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். “ஹேமாவுக்கு நாப்பத்தெட்டு. இத்தன வருசம் ஒண்ணும் இல்லாம இருக்கா. நான் போயி அத அவ தலைல தூக்கி வைக்கணும். அப்படித்தான? உன் பொண்ணுக்காக என் பொண்ணு தலைல.”

“ஹேமாவுக்காகவுந்தான் அத்தே.”

“சவத்த விடு. சாப்பிட்டுப் போ.”

சாப்பிட்டேன். குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். திரும்பும் ரயிலில் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்க்க முடியவில்லை, குளிர். மஃப்ளரைச் சுருட்டி நடுவே வைத்துக் கண்ணை மூடினேன். ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு பெண்கள். தராசில் யார் பக்கம் யார் சாய்ப்பது?

என் போனில் அந்தப் பதிவு இருந்தது. ஹேமாவுக்கு அனுப்ப ஒரு விரல் போதும். மூன்று வாரம் அந்த விரலோடு வாழ்ந்தேன். ஹேமாவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதும் உண்மை. சொல்ல வேண்டியவள் அத்தை என்பதும் உண்மை. களைப்பில் எந்த உண்மைக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. “அனுப்பிடாதீங்க” என்றாள் மல்லிகா, நான் ஒன்றும் சொல்லாமலே. நிலா என் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். குனிந்தால் எனக்குத் தையல் இழுக்கும். நிமிராமலே சொன்னாள்: “என் பேரச் சொல்லி அனுப்ப வேண்டாம்ப்பா. இது அவங்க கதை. அவங்கதான் சொல்லணும்.”

ஆனால் ஒன்று செய்தேன். நிலாவின் உதவியோடு, பழைய பதிவுகளில் அத்தை தொடங்கிய அந்த ஏழு வாக்கியங்களை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தோம். என் குரலை முழுக்க நீக்கிவிட்டோம். ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் நின்று, கொஞ்சம் மௌனம், பிறகு அடுத்தது. அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, ‘குறுக்கே பேசினதுக்கு மன்னிச்சிடுங்க அத்தே’ என்று மட்டும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதைத் தாண்டி நான் எதுவும் யோசிக்கவில்லை. அத்தை வாட்ஸ்அப்பில் எதையும் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அடுக்களை வரை கேட்கத்தான் கேட்பாள் என்பதை யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமா அங்கே வந்து அம்மாவுக்குக் காய் நறுக்கி வைப்பாள் என்பதையும்.

“நான் பெரியாஸ்பத்திரில கெடந்த மாசம்—” என்று கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டிருக்கிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹேமா வந்திருக்கிறாள். “என்னம்மா? எந்த ஆஸ்பத்திரி?” அத்தை போனை அணைக்கவில்லை. ஏழும் முடியும்வரை ஓடவிட்டிருக்கிறாள். தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டாளா, தெரிந்தே போட்டாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற வேலையில் எனக்கு முன்பிருந்த வேகம் இல்லை.

நான்காவது மருந்தேற்றல் இரண்டு வாரத்துக்கு முன்பு. கையில் ஊசி ஏற்ற இன்னும் நேரமிருந்தது. ரித்திகாவின் அறைக்குப் பக்கத்தில் ரத்தம் எடுக்கிற இடத்துக்கு வரச் சொல்லி ஹேமாவிடமிருந்து செய்தி. போனேன். அத்தை பட்டுப் புடவையில் இருந்தாள், மேலே ஸ்வெட்டர், தலையில் குல்லாய். கல்யாண வீட்டுக்கும் மலையேறுவதற்கும் ஒரே சமயத்தில் கிளம்பினவள்போல.

ஹேமாவின் கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரித்தாள். “தப்பிச்சீங்க அத்தான்.”

“நீயுந்தான்” என்றேன்.

“இவகூடப் பேசல நான், நாலு நாளா” என்று அம்மாவைக் காட்டினாள். ஆனால் அம்மாவின் கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் அவள் தோளில்தான் தொங்கின. அத்தையின் சால்வை நழுவியபோது பேச்சில்லாமலே அதை எடுத்துப் போர்த்தினாள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண், முன்னால் ஒரு படிவம். பெயர், வயது, விலாசம். பிறகு எல்லோரையும் கேட்கிற குரலில், நிமிராமல் இந்தியில் கேட்டாள்: குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா, மாதாஜி?

ஹேமா தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

“ஹாங்” என்றாள் அத்தை. நாற்பது வருடம் மதர் டெய்ரி பால் வரிசையில் நின்று கற்ற இந்தி, கணீரென்று. “லிக்கோ, எழுது. முதலில் என் அக்கா. ராஜம். நாற்பத்தாறு. கேன்சர்.” எழுதுகிறாளா என்று பார்த்துக்கொண்டாள். “பிறகு நான். சரோஜா. நாற்பத்தி நாலு. கேன்சர்.” ஹேமாவின் கை அத்தையின் தோளில் வந்து உட்கார்ந்தது. “பிறகு என் அண்ணன். அல்சர் நஹி. அல்சர் என்று எழுதாதே. பிறகு இந்த லட்கா.” என்னைக் காட்டினாள். ஐம்பத்தொரு வயதுப் பையன்.

படிவத்தில் அந்தக் கேள்விக்கு இரண்டே வரிதான் விட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு போதும் மாதாஜி, இடமில்லை” என்றாள்.

“தூஸ்ரா காகஸ் தோ” என்று இன்னொரு தாள் கேட்டாள் அத்தை.

அந்தப் பெண் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். அத்தை நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.